பொருளோடு சேர்ந்து வரும் வரி



தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்கள், ஃபேரர் பார்க் பக்கம் சென்று துணிமணியோ பாத்திரமோ நகையோ வாங்காமல் திரும்புவது அபூர்வம். அங்கே கடைக்காரர் தரும் ரசீதில் பொருளின் விலையோடு வரியும் சேர்ந்திருக்கிறது. அந்த வரி எப்படி வந்தது? கொடுத்த வரியைத் திரும்பப் பெற வழி உண்டா? இவற்றை இன்று பார்ப்போம்.

ஃபேரர் என்பவர் 1919 முதல் 1931 வரை சிங்கப்பூர் நகராண்மைக் கழகத்தின் தலைவராக இருந்தவர். அந்நாளில் வீட்டின் வாடகை மதிப்பைக் கணக்கிட்டு, நகராண்மைக் கழகம் வீட்டுவரி வாங்கியது. அவர் பெயர் தாங்கிய இடம் முன்பு குதிரைப் பந்தயத் திடல். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியபின் அது விளையாட்டுத் திடலாயிற்று.

வீட்டுவரி நகரத்தின் செலவுக்கு. அரசாங்கத்தின் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1819இல் தொடங்கிய சிங்கப்பூர், சுங்கம் இல்லாத துறைமுகம். வணிகர்களின் சரக்குக்கு வரி கிடையாது. ஆகவே, அபினும் சாராயமும் விற்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. 1910இல் அபின் வியாபாரத்தை அரசே நேராக எடுத்துக்கொண்டது. பல ஆண்டுகளில் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே வந்தது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு, உடல்வலி மறக்கப் புகைத்த சீனக் கூலிகளின் பணம். செல்வர்களின் வருமானத்திற்கு வரி போடும் முயற்சியோ, வணிகர்களின் எதிர்ப்பால் நெடுநாள் தள்ளிப்போயிற்று. 1947இல் சட்டம் நிறைவேறி, 1948இல்தான் வருமான வரி நிலைபெற்றது.

1994 ஏப்ரல் முதல் நாள், 3 விழுக்காட்டில் பொருள் சேவை வரி வந்தது. அதையொட்டி வருமான வரி குறைக்கப்பட்டது. பொருள் சேவை வரி பின்னர் 2003இல் 4, 2004இல் 5, 2007இல் 7, 2023இல் 8, 2024இல் 9 விழுக்காடு என ஏறியது.

இந்த வரியின் தன்மையை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 10 வெள்ளி அரிசிக்கு வரி 90 காசு. மாதம் 8,000 வெள்ளி வாங்குபவரும் 90 காசு கொடுக்கிறார்; 800 வெள்ளி வாங்குபவரும் அதே 90 காசு கொடுக்கிறார். காசு ஒன்றுதான், சுமை ஒன்றல்ல.

இந்தச் சுமையை எப்படிக் குறைப்பது? அமெரிக்கா ஒரு வழியைக் கையாள்கிறது. அங்கே மாநிலமும் ஊரும் விற்பனை வரி வாங்குகின்றன. மத்திய அரசு வருமான வரி வாங்குகிறது. கொடுத்த விற்பனை வரியைத் தம் வருமானக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள முன்பு இடமிருந்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் அனுமதித்தது. ஆனால் 500 டாலர் கழித்தால் 500 டாலர் கைக்கு வராது. 20 விழுக்காடு வருமான வரி கட்டுபவருக்கு 100 டாலர் மிச்சம். வருமான வரி கட்டுமளவுக்குச் சம்பாதிக்காத ஏழைக்கு மிச்சம் எதுவுமில்லை.

சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. 2012இல், குறைந்த வருமானமுள்ள குடிமக்களுக்கு ரொக்கமும் மின்சார, தண்ணீர்க் கட்டணக் கழிவும் தரும் பற்றுச்சீட்டுத் திட்டத்தை ஏற்படுத்தியது. இதில் வருமான வரி கட்டாதவரும் பயன் பெறுகிறார். ஆனால் குடியுரிமை வேண்டும்.

சுற்றுப்பயணிகளுக்கும் வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு உண்டு. அதில் சேர்ந்த கடையில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கி, இரண்டு மாதத்திற்குள் விமான நிலையத்தில் கேட்க வேண்டும். பேருந்தில் ஜொகூர் பாலத்தைக் கடந்து வீடு திரும்புகிறவருக்கு அது கிடையாது. அங்கேயே வேலை அனுமதி பெற்று உழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் கிடையாது.

ஆகவே நேயர்களே, வரி எவ்வளவு என்பதோடு நின்றுவிடாதீர்கள். திருப்பித் தரும் சலுகை யாருக்கு, எந்த வழியில் என்றும் கேட்டறியுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பேருந்தில் திரும்புவதானால், வரியையும் விலையாகவே எண்ணிக் கணக்குப் பார்த்து வாங்குங்கள்.