திருவள்ளுவர் பேருந்து முதல் படுக்கைப் பேருந்து வரை

சென்னைக்கோ பெங்களூருக்கோ புறப்படும் குடும்பத்தில் இன்று முதலில் எழும் கேள்வி, "இருக்கையா, படுக்கையா?" என்பதாகும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இக்கேள்வி எழ வழியே இல்லை. இரவு முழுவதும் ஓடும் பேருந்து என்பதே அன்று புதுமை. அந்த நிலையிலிருந்து இன்றைய நிலைக்கு நாம் வந்த வழியை அறிந்துகொள்வது, வெறும் பழங்கதை கேட்பதன்று. நம் மனைவி மக்களை எந்த வண்டியில் ஏற்றி அனுப்புகிறோம் என்பதோடு அது தொடர்புடையது.

தமிழகத்தில் மோட்டார் பேருந்தின் வரலாறு 1910களில் தொடங்குகிறது. மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் நடத்திய பேருந்துகள் அவற்றுள் முன்னோடியானவை. அக்காலத்துப் பேருந்து, லாரிக்குரிய அடிச்சட்டத்தின் மீது மரத்தாலும் தகரத்தாலும் கட்டப்பட்ட ஒரு கூண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததால், பின்புறம் கரி அடுப்பைப் பொருத்தி, அதில் எழும் வாயுவைக் கொண்டு பேருந்துகளை ஓட்டினார்கள். நெடுந்தூரம் செல்வோர் அன்று இரயிலையே நம்பியிருந்தனர். இரயில் தொடாத ஊர்க்காரர்கள் வண்டி மாறி வண்டி ஏறினார்கள்.

1970களின் தொடக்கத்தில் பேருந்துப் போக்குவரத்து பெருமளவில் அரசுடைமையானது. பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் ஆகிய பெயர்களில் கழகங்கள் தோன்றின. 1975ஆம் ஆண்டு பல்லவன் கழகத்தின் ஒரு பிரிவாக விரைவுப் பேருந்துகள் தனியே இயங்கத் தொடங்கின. 1980இல் அப்பிரிவே திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் என்னும் தனி நிறுவனமாயிற்று. 1997இல் கழகங்களின் பெயர்களை ஒட்டித் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டபோது, தலைவர்களின் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. திருவள்ளுவரும் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் ஆனார். எனினும், என் வயதையொத்தவர்கள் பலருக்கு அது இன்றும் திருவள்ளுவர் பேருந்துதான்.

அந்த வண்டியில் புதிதாக இருந்தவை எவை? நகரப் பேருந்தில் ஒருபுறம் மூவரும் மறுபுறம் இருவருமாக நெருங்கி அமர வேண்டும். விரைவுப் பேருந்திலோ இருபுறமும் இருவர் இருவராக அமரலாம். முதுகுச் சாய்வை ஓரளவு பின்னுக்குத் தள்ளலாம். ஆனால், எஞ்சின் முன்புறத்தில், ஓட்டுநரின் பக்கத்திலேயே இருந்தது. அதன் சூடும் இரைச்சலும் முதல் நான்கு வரிசைகளுக்குச் சொந்தம். அடியில் இரும்புப் பட்டைகளாலான வில்கள் இருந்தமையால், சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் பதிவாகும். 1990களில் அரபிக் கல்லூரியில் சேர்வதற்காக நான் முதன்முதலாக இரவுப் பேருந்தில் சென்றபோது, எஞ்சின் மூடியின் அருகில்தான் இடம் கிடைத்தது. விடிவதற்குள் என் கால்கள் வெந்துவிட்டன. ஆயினும், பக்கத்தில் திறந்த சன்னல் இருந்தது. அது எவ்வளவு பெரிய நன்மை என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

1980களிலிருந்தே தனியார் இரவுப் பேருந்துகளும் பெருகின. வீடியோ கோச் என்று பலகை மாட்டி, இரவு நெடுகத் திரைப்படம் ஓட்டிய வண்டிகளை மறக்க முடியுமா? தனியார் வண்டிகளை நாம் ஆம்னி பேருந்து என்கிறோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் ஏற்றக்கூடிய வாகனம் எதுவாயினும் அது ஆம்னிபஸ்தான். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். பெருநாள் விடுமுறைக் கட்டணத்தைப் பார்க்கும்போது அந்தப் பொருள் சற்று வேடிக்கையாகத் தோன்றும்.

பெரிய திருப்பம் 2001இல் நிகழ்ந்தது. பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயில் பேருந்து கட்டிய வால்வோ நிறுவனம், பி7ஆர் என்னும் வண்டியை இந்தியச் சாலைகளில் இறக்கியது. எஞ்சின் பின்புறத்திற்குச் சென்றது. சூடும் இரைச்சலும் அதனுடன் சென்றன. இரும்பு வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த பைகள் அதிர்வைத் தாங்கின. தளம் உயர்ந்தது, அதன் அடியில் பெட்டிகளுக்கு அறை கிடைத்தது. கால்களுக்கும் தாங்கு பலகை வைத்த சாய்விருக்கை அரைப்படுக்கை என்று பெயர் பெற்றது. நாற்கரச் சாலைகளும் அதே காலத்தில் வந்ததால், பேருந்து இரயிலோடு போட்டியிடத் தொடங்கியது. பின்னர் மூன்று அச்சுகளும் ஏறத்தாழ 14 மீட்டர் நீளமும் கொண்ட வண்டிகள் வந்தன.

அடுத்து வந்தது படுக்கைப் பேருந்து. ஒருபுறம் இரட்டைப் படுக்கை, மறுபுறம் ஒற்றைப் படுக்கை, இரண்டு அடுக்குகள். மொத்தம் முப்பது முதல் முப்பத்தாறு பேர். தனியார் வண்டிகளில் முன்பே பரவிவிட்ட இவ்வமைப்பு, 2018இல் அரசு விரைவுப் பேருந்துகளிலும் இடம்பெற்றது. முதியோருக்கும், நோயாளிகளுக்கும், கைக்குழந்தையுடன் செல்லும் தாய்மார்களுக்கும் இது பேருதவி என்பதை மறுக்க இயலாது. திரையிட்ட படுக்கையில் நம் பெண்கள் தனிமையோடு உறங்கிச் செல்கிறார்கள்.

ஆனால், இந்த வரலாற்றை மீண்டும் ஒருமுறை பாருங்கள். வசதி கூடிய ஒவ்வொரு படியிலும் வெளியேறும் வழி ஒன்று குறைந்திருக்கிறது. குளிர்சாதனம் வந்ததும் சன்னல்கள் திறவாக் கண்ணாடிகளாயின. தளம் உயர்ந்ததும் சன்னலுக்கும் தரைக்கும் உள்ள தூரம் கூடிற்று. படுக்கை வந்ததும் நடைபாதை ஓராள் செல்லும் அளவுக்குச் சுருங்கிற்று. மேலடுக்கில் உறங்குபவர் இருளில் இறங்கியாக வேண்டும். 2013 அக்டோபர் 30 விடியற்காலையில், பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற சொகுசுப் பேருந்து ஒன்று பாலெம் என்னும் ஊருக்கு அருகே பாலச்சுவரில் மோதித் தீப்பற்றியது. 45 பேர் மாண்டனர். சீனாவில் 2011இல் படுக்கைப் பேருந்து ஒன்று எரிந்து 41 பேர் இறந்தபின், 2012 முதல் அத்தகைய புதிய வண்டிகளைப் பதிவு செய்வதையே அந்நாடு நிறுத்திவிட்டது. நம் நாட்டில் படுக்கைப் பேருந்துகளுக்கென்று கட்டுமான விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. விதி ஏட்டில் இருப்பதும், வண்டியில் இருப்பதும் ஒன்றல்ல.

ஆகவே, படுக்கைப் பேருந்தே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏறியவுடன் சில நிமிடங்களைச் செலவிடுங்கள். அவசரக் கதவு எங்கே உள்ளது, அதன் குறுக்கே படுக்கையோ பெட்டியோ வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் தன் இடத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள். கூரையில் திறப்பு இருந்தால் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவையுங்கள். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கீழ்ப்படுக்கையையே கேட்டு வாங்குங்கள். சுப்ஹுத் தொழுகைக்கு எங்கே நிறுத்துவார்கள் என்று ஓட்டுநரிடம் விசாரிக்க நாம் தயங்குவதில்லை. அதே மூச்சில் இதையும் விசாரிக்கலாமே! பயண துஆ ஓதி அல்லாஹ்விடம் பொறுப்பை ஒப்படைப்பவர், தம் கையிலுள்ள பொறுப்பையும் நிறைவேற்ற வேண்டுமல்லவா?

அன்று என் கால்களைச் சுட்ட வண்டியில், கை எட்டும் தூரத்தில் சன்னல் திறந்திருந்தது. இன்று குளிர்ந்த படுக்கையில் என் பிள்ளைகளை உறங்கவைக்கும் முன், அந்தச் சன்னலுக்கு ஈடாக இவ்வண்டியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை தேடிவிட்டுத்தான் நான் படுக்கிறேன்.