ஹாலி: முள்ளில் பிறந்த பெயர்

கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் இடம்பெறும் ஹாலிச் செடியின் பெயர், 'புனிதமான' எனப் பொருள்படும் 'ஹோலி'யிலிருந்து வந்தது என்பார்கள். ஒலி பொருந்துகிறது; வேர் பொருந்தவில்லை. பழைய ஆங்கிலத்தில் செடி 'ஹொலென்', புனிதம் 'ஹாலிக்'. செடிப்பெயரின் ஈற்று னகரம் பிற்பாடு உதிரவே இரண்டும் நெருங்கின. வெல்ஷ் மொழியில் 'கெலின்', டச்சில் 'ஹுல்ஸ்ட்' என்று உறவுச் சொற்கள் இருப்பதால், குத்துதலைக் குறிக்கும் வேரையே மொழியறிஞர்கள் காட்டுகிறார்கள். முள்ளிலையில் இயேசுவின் முள்முடியையும் செங்கனியில் இரத்தத்துளியையும் மக்கள் கண்டார்களே என்றால், கண்டது மெய்தான். அது பெயருக்கு ஏற்றிய பொருள், பெயரின் பிறப்பு அன்று. தாவரவியலில் ஐரோப்பிய ஹாலிக்கு வழங்கும் 'அக்விஃபோலியம்' என்ற லத்தீன் சொல்லும் ஊசியிலை என்றே சொல்கிறது. ஆனால் வளர்ந்த மரத்தின் உச்சியிலைகள் பெரும்பாலும் முள்ளின்றி வழவழப்பாகவே இருக்கும். ஆடுமாடு எட்டும் கீழ்க்கிளைகளில்தான் முள் மிகுதி.