கண்ணாடிக்குள் வந்த மெழுகுவத்தி

மெழுகுவத்தி எரியும்போது நம் கண் சுடரின்மேல் செல்கிறது. திரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வத்தி நன்றாக எரிவதும் புகைவதும் அந்தச் சிறு நூலைப் பொறுத்தவையே. இன்று கண்ணாடிக் குவளைகளில் மெழுகை வார்த்து வீட்டிலேயே மெழுகுவத்தி செய்வோர் பலர் இருக்கின்றனர். எந்தக் குவளைக்கு எந்தத் திரி என்பதே அவர்கள் முதலில் தடுமாறும் இடம். இதற்கு விடை காண ஏறத்தாழ 200 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கத்தரிக்கோல் காலம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஐரோப்பாவில் எளியவர் வீடுகளில் எரிந்தவை மாட்டுக் கொழுப்பாலும் ஆட்டுக் கொழுப்பாலும் ஆன வத்திகளே. தேன்மெழுகு வத்தி செல்வர்களுக்கும் தேவாலயங்களுக்கும் உரியதாக இருந்தது. கொழுப்பு வத்தியின் திரி, பருத்தி நூலை முறுக்கிச் செய்ததாகும். அது சுடரின் நடுவே நிமிர்ந்து நிற்கும். சுடரின் உட்பகுதிக்கு ஆக்சிஜன் போதிய அளவு எட்டுவதில்லை. ஆகவே திரியின் நுனி எரிந்து சாம்பலாகாமல் கரியாகத் தங்கிவிடும். கரி நீள நீளச் சுடர் மங்கும், புகை எழும், கொழுப்பு வழிந்தோடும். எனவே அடிக்கடி எழுந்து சென்று கத்தரிக்கோல் போன்ற கருவியால் நுனியை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய கரி கீழே விழாமலிருக்க அக்கருவியிலேயே ஒரு சிறு பெட்டியும் பொருத்தியிருந்தார்கள்!

1825ஆம் ஆண்டு

இந்தத் தொல்லை பிரான்சில் தீர்ந்தது. மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர் கொழுப்புகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1823இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த பொருள் என்று அவர் காட்டினார். அந்த அமிலங்களுள் ஸ்டியரிக் அமிலம் கடினமானது. சுமார் 69 டிகிரி செல்சியசில்தான் உருகும். இதைக் கொண்டு வத்தி செய்யும் முறைக்கு 1825இல் ஷெவ்ரலும் கே-லுசாக்கும் காப்புரிமை பெற்றனர்.

அதே 1825இல் கம்பசெரே என்பவர் முறுக்கிய திரிக்கு மாற்றாகப் பின்னிய திரியைக் கொண்டுவந்தார். பின்னல் திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைகிறது. அதன் நுனி சுடரின் வெளி விளிம்புக்கு வருகிறது. அங்கே வெப்பம் மிகுதி, ஆக்சிஜனும் உண்டு. நுனி தானே எரிந்து தீர்கிறது. 1830களில் தொழிலதிபர் டி மில்லி திரியைப் போரிக் அமிலத்தில் நனைத்து உலர்த்தினார். இது சாம்பலுடன் கூடி உருகிச் சிறு மணியாகி உதிர்ந்தது. கத்தரிக்கோலுக்கு வேலை போயிற்று.

வத்தி தனக்குத் தானே செய்யும் கிண்ணம்

மைக்கேல் பாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1848இலும், மீண்டும் 1860-61 குளிர்காலத்திலும் மாணவர்களுக்கு மெழுகுவத்தியைப் பற்றியே தொடர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவர் சுட்டிய ஓர் உண்மை நமக்கு இங்கே முக்கியம். சுடரின் வெப்பத்தால் மேலெழும் காற்று, வத்தியின் ஓரத்தைக் குளிர்விக்கிறது. அதனால் நடுவில் மெழுகு உருகினாலும் ஓரம் கெட்டியாகவே நிற்கிறது. இப்படி வத்தி தனக்கு வேண்டிய கிண்ணத்தைத் தானே செய்துகொள்கிறது. உருகிய மெழுகை நுண்புழைக் கவர்ச்சியால் திரி மேலே இழுக்கிறது. உருகும் அளவும் எரியும் அளவும் ஒத்திருந்தால் மெழுகு வழியாது.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நோயாளிகள், குழந்தைகள் அறைகளில் எரிந்த 'இரவு விளக்கு' இம்முறையிலிருந்து விலகியது. அது கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்த குட்டையான, பருத்த வத்தி. அதில் மெழுகு முழுவதுமே உருகலாம். தாங்கிக்கொள்ளச் சுவர் இருக்கிறது. ஒரு வகையில் அது நம் அகல் விளக்குக்கு உறவு. ஆனால் அகலில் திரி விளிம்பில் சாய்ந்து கிடக்கும். இங்கோ, மெழுகுக் குளத்தின் நடுவே தனித்து நிற்க வேண்டும்!

ஈயம் தந்த பாடம்

திரியை நிமிர்த்தி வைக்க அதன் அடியில் உலோகத் தகடு பொருத்தினார்கள். நடுவே மெல்லிய உலோகக் கம்பியும் செருகினார்கள். இக்கம்பி சில நாடுகளில் ஈயமாக இருந்தது. திரி எரியும்போது ஈயம் அறைக் காற்றில் கலக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1974இல் ஈயத்தைக் கைவிட ஒப்புக்கொண்டனர். ஆயினும் இறக்குமதியான வத்திகளில் அது மீண்டும் தலைகாட்டவே, 2003இல் அங்கே சட்டப்படி தடை வந்தது. இன்று துத்தநாகக் கம்பி, காகித இழை, வெறும் பருத்தி ஆகியவை பயன்படுகின்றன. ஐயமிருந்தால் கம்பியை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அத்திரியை ஒதுக்கிவிடுங்கள்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

தனித்து நிற்கும் வத்தியில் இயற்கையே செய்த சமன்பாட்டை, குவளையில் நாம் செய்ய வேண்டும். திரியைத் தீர்மானிப்பது குவளையின் உயரமன்று, உள்விட்டம். 7.5 செ.மீ. விட்டமுள்ள குவளையில், ஏற்றிய 3 மணி நேரத்தில் உருகிய மெழுகு சுவரைத் தொட வேண்டும். ஆழம் 1 செ.மீ. அளவே இருக்க வேண்டும். திரி மெலிந்ததாக இருந்தால் நடுவில் குழி விழுந்து, அதில் திரி மூழ்கி அணையும். தடித்ததாக இருந்தால் நுனியில் காளான் போல் கரி திரளும், புகை படியும், கண்ணாடி அளவுமீறிச் சுடும். மெழுகின் வகையும் வாசனை எண்ணெயும் மாறினால் திரியும் மாறும். எனவே ஒன்றை எரித்துப் பார்த்த பிறகே மற்றவற்றை வார்ப்பது நல்லது.

குவளை அகன்ற வாயும் நேரான சுவரும் உடையதாக இருக்கட்டும். வாய் குறுகினால் காற்று போதாது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். உட்புறம் சூடேறி விரியும்போது வெளிப்புறம் குளிர்ந்தே இருந்தால் விரிசல் காணும். ஆதலால் கீறல் விழுந்த குவளையும், மெல்லிய மதுக்கிண்ணமும் ஆகா. அடியில் 1 செ.மீ. மெழுகு மிஞ்சும்போதே அணைத்துவிட வேண்டும். இல்லையேல் சுடர் அடிக்கண்ணாடியையே சுடும்.

இன்னொன்று: குவளையில் நிமிர்ந்து நிற்கும் திரியின் நுனி முழுவதும் எரிந்து தீர்வதில்லை. ஆகவே ஒவ்வொரு முறை ஏற்றுமுன்னும் அதை 6 மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டும். கம்பசெரே 1825இல் ஓய்வு கொடுத்த கத்தரிக்கோலைக் கண்ணாடிக் குவளை மீண்டும் வேலைக்கு அழைத்துவிட்டது!