பிசி முதல் விடுகதை வரை

இப்போது மின்சாரம் போனால் நம் குடியிருப்பில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிவிடுகிறது. கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களில் மின்விளக்கு வராத காலத்தில், இரவுச் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் விடுகதை தொடங்கும்.

பழக்கம் மிகப் பழையது. தொல்காப்பியம் இதைப் ‘பிசி’ என்கிறது. பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணி, இரண்டாகவும் பிரிக்கிறது: ஒப்புமை சொல்லிக் கேட்பது ஒன்று, அடையாளம் சொல்லி ஊகிக்க வைப்பது மற்றொன்று. தென்மாவட்டங்களில் இது ‘அழிப்பாங்கதை’, இலங்கையில் ‘நொடி’.

விடுகதை காலத்தோடு வளரும். “வீட்டுக்குள் இருக்க வேண்டியவன் வாசலில் தொங்குகிறான், யார்?” என்றால் நம் வட்டாரப் பிள்ளை முந்திரிக்கொட்டை என்றுவிடும். பிரேசில் நாட்டு முந்திரியை 16-ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். ஆகவே முந்திரி விடுகதை எதுவும் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

அதேபோல் தேயவும் செய்யும். உரலையும் ஏற்றத்தையும் மரக்காலையும் பார்க்காத பிள்ளையால் அவற்றின் விடுகதையை அவிழ்க்க முடியாது. விடையைச் சொன்னாலும் சிரிப்பு வராது. கேள்வியோடு பொருளும் மறந்துபோகும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றாவது கேட்டு வாங்குங்கள். விடையோடு, அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்று: மண்ணுக்கடியில் கிடக்கும், மண் இல்லை, எரியும், விறகு இல்லை. அது என்ன? குறிப்பு: இதற்காகவே 1956-இல் நம் பக்கத்து ஊரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. விடை அடுத்த இதழில்.