சுரண்டல்: ஒரு நாற்காலியை முன்வைத்து

தென்காசியில் பழைய சாமான் கடையொன்றில் ஒரு கைநாற்காலி வாங்கி இலத்தூருக்குக் கொண்டுவந்தேன். மேலே பச்சை எனாமல். அது பொரிந்த இடங்களில் அடியிலிருந்த நீலம் தெரிந்தது. தச்சுவேலை செய்கிற அண்ணாச்சி ஒரு ஓரத்தை உளியால் கீறிப் பார்த்தார். "தம்பி, உள்ள பர்மாத் தேக்கு. இந்த பெயிண்டெல்லாம் எவனோ பின்னால அடிச்சது. சுரண்டி எடுத்துட்டு ஸ்பிரிட் பாலிஷ் போட்டா ஜமீன் வீட்டு நாற்காலி ஆயிரும்."

எவனோ பின்னால அடிச்சது. இந்தத் தொடர்தான் என்னை விடவில்லை. உள்ளே மூலம், மேலே படிந்ததெல்லாம் அழுக்கு என்பது வெறும் தொழில்முறை அல்ல, ஒரு வரலாற்றுப் பார்வையும்கூட. இடைச்செருகல்களைக் களைந்து மூலபாடத்தைக் கண்டெடு என்றுதான் எம்.ஏ. தமிழ் வகுப்பிலும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் 'புதுப்பிக்கிறோம்' என்று சுவர்ப்பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள். அதற்கெதிராக 1877-இல் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்குச் செல்லப்பெயர் 'சுரண்டல் எதிர்ப்பு'. தமிழில் சொன்னால் தொழிற்சங்கம் போல ஒலிக்கிறது. மாரிஸ் பிற்பாடு சோசலிஸ்ட் ஆனார் என்பதால் பொருத்தம்தான்.

பர்மாத் தேக்கு என்றதும் காரைக்குடி நினைவுக்கு வரும். இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் நாற்காலிகளும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பாலிஷ் ஏறி விலைக்கு நிற்கின்றன. அந்தப் பளபளப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. 1938-இல் அது 25 பங்கு. மரத்தைத் தட்டிப் பார்த்து 'ஒரிஜினல்' என்று மகிழ்கிறோமே, அந்த ஒரிஜினலின் காலம் இதுதான்.

சரி, பச்சையும் நீலமும் அடித்தவர்கள் யார்? கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையில் வீட்டுக்கு ஒரு நாற்காலி வருவதே பெரும் சேதி. உட்காருவது இங்கே எல்லோருக்கும் வாய்த்ததில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்தார்கள், மற்றவர்கள் நாற்காலியில். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் போட 2021 வரை ஆயிற்று. பெரிய வீட்டிலிருந்து கழிந்த நாற்காலியை எவரோ மலிவாக வாங்கி, தன் கைக்குக் கிடைத்த பெயிண்டை அடித்து, அதில் உட்கார்ந்திருக்கிறார். பாலிஷ் போடும்போது ஜமீன் திரும்பி வருகிறது. இவர் போய்விடுகிறார்.

ஆனால் பெயிண்டைக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. பழைய எனாமலில் ஈயம் இருந்திருக்கும். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. வறட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி அண்ணாச்சியின் நெஞ்சுக்குள் போகும், கட்டுரை எழுதுகிற என் நெஞ்சுக்குள் அல்ல. கையையும் சாய்மானத்தையும் மட்டும் தண்ணீர் தொட்டுத் தேய்க்கட்டும், காலை அப்படியே விடலாம் என்றேன். "அரைகுறையா விட்டா பேரு கெடுறது எனக்குல்லா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு நாற்காலியைக் கவிழ்த்தார். அடிப்பலகையில் பெயிண்ட் ஏறவில்லை. பொருத்துகளுக்குப் பக்கத்தில் உளியால் கொத்திய சின்னச் சின்னக் கோடுகள்: ஒன்று, இரண்டு, குறுக்காக ஒன்று. எனக்கு எதுவும் விளங்கவில்லை. அண்ணாச்சி விரலை வைத்து வாசித்தார்: "இது முன்கால். எடது. இது அதுக்கு ஜோடி."

காலைச் சுரண்டவா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. நாற்காலி அவர் பட்டறையில்தான் கிடக்கிறது, கவிழ்ந்தபடியே.