தரவுக் கசிவுப் பொறுப்பு: ஈக்விஃபாக்ஸ் நிகழ்வு

தனிநபர் தரவு கசிந்தால் முதற்பொறுப்பு அதைத் திரட்டி வைத்திருந்த நிறுவனத்தையே சாரும். 2017-இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் நடந்த திருட்டு இதற்கு வலுவான சான்று. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் இருந்த ஓட்டை மார்ச்சில் வெளியாயிற்று. அதை அடைக்கும் திருத்தமும் உடனே கிடைத்தது. ஆனால் நிறுவனத்தின் இணையவாசல் ஒன்றில் அது நிறுவப்படவில்லை. மே மாதம் அதன் வழியே நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை கண்ணில் படவில்லை. தரவுப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் அதற்கு வெகுமுன்பே காலாவதியாகியிருந்ததே காரணம். சுமார் 14.7 கோடிப் பேரின் தகவல்கள் பறிபோயின. பலரது பிறந்த தேதியும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் அவற்றில் அடங்கும்.

திருடியவர்தானே குற்றவாளி என்று கேட்கலாம். உண்மைதான், 2020-இல் சீன ராணுவத்தினர் நால்வர் மீது அமெரிக்கா குற்றம் சாட்டியது. ஆனால் திருடனின் குற்றம் காவலரின் கடமையைக் குறைப்பதில்லை. ஊழியர் ஒருவரின் தவறு என்று கசிவை அடுத்துப் பதவி விலகியிருந்த நிறுவனத் தலைமை அதிகாரி நாடாளுமன்றக் குழுவிடம் விளக்கினார். ஒரே ஒருவர் தவறினால் கோடிக்கணக்கானோர் பாதிக்கப்படுவர் என்றால், அத்தகைய அமைப்பை விட்டுவைத்தது நிர்வாகமே. மக்கள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற வாதமோ இங்கே சற்றும் பொருந்தாது: அவர்களில் பெரும்பாலோர் ஈக்விஃபாக்ஸிடம் எதையும் நேரடியாகக் கொடுக்கவில்லை, கடன் கொடுத்தவர்கள் வழியாகவே விவரங்கள் அங்கே சேர்ந்தன. பிறந்த தேதியைக் கடவுச்சொல் போல மாற்றவும் முடியாது. 2019 உடன்படிக்கையில் நிறுவனம் குறைந்தது 57.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆனால் ஆளுக்கு 125 டாலர் வரை என்று சொல்லப்பட்ட ரொக்க இழப்பீட்டுக்கு அதில் ஒதுக்கியது 3.1 கோடி டாலர் மட்டுமே.