மோதல்களில் உந்த மாறா விதி

இரண்டு பொருள்கள் மோதும்போது வெளிவிசை குறுக்கிடாவிட்டால், அவற்றின் மொத்த உந்தம் மோதலுக்கு முன்பும் பின்பும் ஒன்றே. நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். இன்று பிளஸ் ஒன் மாணவர் ஒரே வரியில் எழுதிவிடும் இந்த விதி, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இழுபறியில் கிடந்தது. சிக்கல் ஒரு கழித்தல் குறியில் இருந்தது.

பிரெஞ்சுத் தத்துவஞானி ரெனே டெகார்ட், 1644-ல் வெளியிட்ட நூலில், உலகிலுள்ள இயக்கத்தின் மொத்த அளவைக் கடவுள் மாறாமல் காக்கிறார் என்று எழுதினார். அவருடைய கணக்கில் பருமனும் வேகமும் உண்டு, திசை கிடையாது. அதன் மேல் அவர் கட்டிய ஏழு மோதல் விதிகளில் பெரும்பாலானவை தவறு. சிறிய பொருள் எவ்வளவு விரைந்து வந்தாலும் அசையாமல் இருக்கும் பெரிய பொருளை நகர்த்தாது என்பது நான்காவது விதி. கேரம் காயை ஸ்ட்ரைக்கர் மீது சுண்டிவிட்ட எந்தச் சிறுவனும் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். டெகார்ட்டோ, அனுபவம் வேறு சொன்னாலும் பகுத்தறிவையே நம்ப வேண்டும் என்று அடித்துச் சொன்னார்.

தவறைப் பிடித்தவர் ஹாலந்து நாட்டின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். 1650-களில் அவர் கண்ட வழி அழகானது. நகரும் படகில் ஒருவர் நின்றுகொண்டு, நூலில் தொங்கும் இரண்டு சமமான பந்துகளை ஒரே வேகத்தில் எதிரெதிராக மோதவிடுகிறார். அவருக்கு இரண்டும் அதே வேகத்தில் திரும்புகின்றன. படகின் வேகமும் பந்தின் வேகமும் சமமானால், கரையில் இருப்பவர் காண்பது வேறு: ஒரு பந்து நிற்க, மற்றது இருமடங்கு வேகத்தில் வந்து மோதி நின்றுவிடுகிறது, நின்றிருந்தது அந்த வேகத்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறது. இரண்டும் ஒரே மோதல்தான். இந்த ஆய்வு நூலாக வந்தது 1703-ல், ஹைகன்ஸ் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

இடையில், 1668-ல் லண்டன் ராயல் சொசைட்டி மோதல் பற்றி அறிஞர்களிடம் விளக்கம் கேட்டது. ஜான் வாலிஸ் மீட்சியற்ற மோதலுக்கு விதி தந்தார். கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னும் ஹைகன்ஸும் மீட்சி மோதலுக்கு. சொசைட்டியின் இதழ் முதலில் ஆங்கிலேயர் இருவரின் கட்டுரைகளை மட்டும் அச்சிட்டது. கோபமுற்ற ஹைகன்ஸ் தன்னுடையதைப் பாரிஸ் இதழில் வெளியிட்டார். அறிவியலிலும் உள்ளூர்ப் பாசம் உண்டு.

ஐசக் நியூட்டன் 1687-ல் 'பிரின்சிபியா'வில் கணக்கை நேர்செய்தார். 10 அடி நீள ஊசல்களில் குண்டுகளைக் கட்டி மோதவிட்டு, காற்றின் தடையைக் கூடக் கழித்துப் பார்த்தார். அவர் தந்த உதாரணம் ஒன்று: 12 பங்கு இயக்கத்தோடு வரும் பொருளும் எதிரே 6 பங்கோடு வரும் பொருளும் மோதுகின்றன. முதலாவது 2 பங்கோடு பின்வாங்கினால், இரண்டாவது 8 பங்கோடு திரும்பும். டெகார்ட் முறையில் கூட்டினால் முன்பு 18, பின்பு 10, கணக்கு உதைக்கிறது. எதிர்த்திசைக்குக் கழித்தல் குறி போடுங்கள்: 12 − 6 = 6; 8 − 2 = 6.

குண்டு எதனால் ஆனது என்பதும் பொருட்டல்ல. கம்பளிக் குண்டுகள் 9 என்ற வேகத்தில் நெருங்கினால் 5-ல்தான் விலகின. கண்ணாடிக் குண்டுகள் 16-ல் நெருங்கி 15-ல் விலகின. கம்பளியில் இயக்க ஆற்றல் கணிசமாகக் குறைகிறது, உந்தம் குறைவதில்லை. தேர்வில் மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான்.

அணுவுக்குள்ளும் இந்த விதி செல்லும். 1932-ல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக், பெரிலியத்திலிருந்து வந்த மின்னூட்டமற்ற கதிர் எதனால் ஆனது என்று தேடினார். அக்கதிர் மோதிய புரோட்டான்கள் நொடிக்கு 3.3 கோடி மீட்டர் வரையிலும், நைட்ரஜன் அணுக்கருக்கள் 47 லட்சம் மீட்டர் வரையிலும் பாய்ந்தன. இந்த இரண்டு வேகங்களே அவருக்கு அக்கதிரின் துகளான நியூட்ரானின் நிறையைத் தந்தன. புரோட்டானின் நிறையை 1 என்றும் நைட்ரஜனை 14 என்றும் நியூட்ரானை 'நி' என்றும் கொண்டால், உந்தமும் ஆற்றலும் மாறாமையிலிருந்து (நி + 14) ÷ (நி + 1) = 7.02 என்று வரும். விடை ஏறத்தாழ 1.16, இன்றைய துல்லிய அளவீட்டில் நியூட்ரான் புரோட்டானைவிடச் சற்றே கனமானது. இந்தக் கண்டுபிடிப்புக்காக 1935-ல் சாட்விக்குக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.